உப்புப் போட்ட ஐஸ்

என் மகளுக்குச் சீனி வருத்தம் இருப்பதை ஏழு வருடங்கள் ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். பத்து வயதில் அவளுக்கு அது வந்தது. வயது போனவர்களுக்கு வரும் வகை அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. காலையும் மாலையும் ஊசி போட வேண்டும், ஆயுள் முழுக்க. டொக்டர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் மனம் வேறெங்கோ ஓடிவிட்டது. இவளை யார் கட்டுவார்கள்? பத்து வயதுப் பிள்ளை பக்கத்துக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். நான் அவளுடைய கலியாணத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்: "இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

அவர் வெங்காய லொறி ஓட்டுபவர். கற்பிட்டியில் ஏற்றித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போவார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அவர் "உம்மட இஷ்டம்" என்றார். அவருடைய மூத்த சகோதரி தன் மகனுக்கு எங்கள் மகளைத்தான் எடுப்பேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கும் நினைவு வந்திருக்கும்.

என் பயத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எட்டு வயதில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு இங்கே வந்து இறங்கியவள் நான். கற்பிட்டியில் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். ஊரார் தங்கள் வயிற்றைக் கட்டித்தான் எங்களுக்குத் தந்தார்கள், அது உண்மை. ஆனால் எனக்கு நினைவில் தங்கியது சோறு அல்ல. "அகதிப் புள்ள, ரெண்டு அகப்பை போடுங்க" என்று யாரோ சொன்ன குரல்தான் தங்கியது. இனி யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று அந்த வயதிலேயே முடிவெடுத்தேன். படித்தேன், தமிழ் ஆசிரியை ஆனேன், வீடு கட்டினோம். யுத்தம் முடிந்தபின் உறவுகளில் பாதிப்பேர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். எங்களுக்குத் தொழிலும் வீடும் இங்கேயே என்றாகிவிட்டது. ரீச்சர் என்றால் ஊரில் ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் கீறல் விழாமல் வைத்திருக்க வேண்டும் என்பதில் மிகக் கவனமாக இருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குள் போய் இரத்தத்தைச் சோதிப்பாள். கலியாண வீடுகளில் இனிப்புக்கு வைக்கும் வட்டிலப்பத்தைத் தட்டில் வாங்கி எனக்குத் தள்ளிவிடுவாள். பாவித்த ஊசிகளைப் பழைய பத்திரிகையில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பையில் கட்டிக் குப்பையில் போடுவேன். எதிர் வீட்டுக் கத்தோலிக்கப் பெண் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கள் குசினி ஜன்னலில் ஊசியைக் கண்டுவிட்டாள். "ஆருக்கு ரீச்சர் ஊசி?" என்று கேட்டாள். "எனக்குத்தான். விற்றமின்" என்றேன். அவள் தலையாட்டினாள். அதன்பிறகு அந்த ஜன்னலுக்குத் துணி போட்டேன்.

பிறகு நாடே கடனில் முறிந்த அந்த வருடம் வந்தது. பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஒரு நாளில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் கூட. கிளினிக்கில் இருந்த இன்சுலினை எல்லாருக்கும் பங்கிட்டார்கள். மாதத்துக்கு ஐந்து குப்பி வாங்கும் இடத்தில் எங்களுக்கு மூன்று கிடைத்தது. அடுத்த மாதம் எத்தனை வரும் என்று அவர்களுக்கும் தெரியாது. மருந்துக்கடைகளில் கையை விரித்தார்கள். சோதிக்கும் ஸ்ட்ரிப்பும் முடிந்துகொண்டு வந்தது. பத்தோ பன்னிரண்டோதான் மிச்சம்.

அந்த மூன்று குப்பிகளையும் சூட்டில் கெடாமல் காப்பாற்ற வேண்டும். ப்ரிட்ஜ் வெறும் அலுமாரியாக நின்றது. ஓட்டுக் கூரைக்குக் கீழே அந்த மாதத்து வெக்கையில் மெழுகுதிரி நிற்க வைத்த இடத்திலேயே வளைந்துபோனது. இன்சுலின் சூட்டில் பழுதாகும் என்பது தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரிந்த யாரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டால், ஏன், யாருக்கு என்று திருப்பிக் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மீன்காரர் ஐஸ் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்கு நடந்தேன். அவர்களிடம் ஜெனரேட்டர் இருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் ஐஸ் அடித்தார்கள். அங்கே வேலை செய்யும் நடுத்தர வயதுக்காரர் என்னைக் கண்டதும் எழும்பினார். அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள்.

"என்ன ரீச்சர், நீங்க ஐஸ் வாங்க?"

"மீன் கொஞ்சம் வாங்கிட்டன். கரண்ட் இல்லயே."

"மீனுக்கா? பொறுங்க பொறுங்க." அவர் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் நிரப்பினார். பிறகு பக்கத்துச் சாக்கிலிருந்து கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளி அதற்குமேல் தூவிக் கலக்கினார். "இப்ப நல்லா இறுகி நிக்கும் ரீச்சர். மீன் கல்லு மாதிரி இருக்கும்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மூன்று குப்பிகளையும் ஒரு பையில் போட்டு, ஐஸுக்கு நடுவே தோண்டிப் புதைத்து, பெட்டியை மூடி, அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும், உள்ளே இருப்பதெல்லாம் உறைந்துவிடும் என்பதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. இன்சுலின் ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், பிறகு அது வெறும் தண்ணீர் என்பதையும் அறிந்திருக்கவில்லை. மருந்துக்கென்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் உப்பைத் தொட்டிருக்கவே மாட்டார்.

புதன் காலை குப்பிகளை வெளியே எடுத்தேன். விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர். உள்ளே இருந்தது அசையவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி உருட்டி இளக வைத்தேன். பால் போன்ற நிறம் திரும்ப வந்தது. மகள் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"உம்மா, இதுல தயிர் மாதிரி என்னமோ மிதக்குது."

"குலுக்கினா சரியாகும்."

"குலுக்கிட்டன். போகல்ல. கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேப்பமா?"

"பள்ளிக்கு நேரமாச்சு. பேய்க்கதை கதைக்காமக் குத்து."

குத்தினாள். ஏழு வருடமாக நான் சொன்னதையெல்லாம் செய்து பழகியவள்.

அன்று பின்னேரம் ஒரு ஸ்ட்ரிப்பைச் செலவழித்துப் பார்த்தோம். முந்நூற்று எண்பது. இருநூறைத் தாண்டக் கூடாது என்பார்கள். மருந்தை நான் சந்தேகிக்கவில்லை. அதைச் சந்தேகித்தால் நான் செய்ததைச் சந்தேகிக்க வேண்டி வரும். மகளைத்தான் பிடித்தேன்.

"என்ன திண்டாய் பள்ளிக்கூடத்தில?"

"ஒண்டும் திங்கல்ல உம்மா."

"பொய் சொல்லாத. மருந்துக்கு நாங்க என்ன பாடுபடுறம், நீ கூட்டாளிமாரோட சேந்து கண்டதையும் திண்டுட்டு வாறாய்."

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அந்த இரவு அவள் எத்தனை முறை தண்ணீர் குடிக்க எழும்பினாள் என்று நான் கவனிக்கவில்லை. கோபத்தில் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

வியாழக்கிழமை அவள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு சொன்னேன். வயிற்றுக் கோளாறு என்றேன், எனக்கு. கடைசி ஸ்ட்ரிப்புகளில் ஒன்றை எடுத்தோம், இரத்தம் போதாமல் அது வீணாகிவிட்டது. அடுத்ததில் நானூற்று முப்பது. கூடக் கொஞ்சம் இன்சுலின் போட்டோம், அதே குப்பியிலிருந்து. கணவருக்குப் போன் அடித்தேன். அவர் லொறியோடு டீசல் வரிசையில் நாலாவது நாளாக நின்றார். போனில் சார்ஜ் இல்லை போலும், பாதியில் அறுந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிபோல் அவள் மூச்சு மாறியது. ஓடி வந்தவள் மூச்சு வாங்குவதுபோல் ஆழமாக, வேகமாக இழுத்தாள். ஆனால் அவள் பாயை விட்டு எழும்பவே இல்லை. கிட்டக் குனிந்தபோது வாயிலிருந்து பழுத்து அழுகின பழத்தின் மணம் வந்தது. "மகள்" என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என்னைத் தெரிந்துகொண்ட பார்வை அல்ல அது.

அம்புலன்சுக்கு அடித்தேன். வேறொரு நோயாளியோடு புத்தளம் போயிருக்கிறது, திரும்பிவர ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். வெளியே ஒழுங்கைக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். ஒழுங்கை முழுக்க வெயில் மட்டும்தான் நின்றது. நாலு வீடு தள்ளி நின்ற ஆட்டோவுக்கு எண்ணெய் இல்லாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

எதிர் வீட்டுப் படலை திறந்திருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் மீன்பிடிக்கிறவர். மண்ணெண்ணெய் இல்லாமல் ஒரு மாதமாகப் படகு கரையில் கிடந்தது. அவளுடைய தம்பியின் ஆட்டோ முற்றத்தில் நின்றது. பதினொரு வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்திருக்கிறோம். அந்தப் படலையைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"அக்கா!" என்று கத்தினேன். அவளை அக்கா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. அவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"என்ன ரீச்சர்?"

"மகளுக்கு ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஆட்டோ…"

"என்ன செய்யுது பிள்ளைக்கு?"

வயிற்றுக் கோளாறு என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த நேரத்திலும், பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போதும், என் நாக்குக்கு முதலில் வந்தது பொய்தான். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு சொன்னேன்.

"சீனி வருத்தம். சின்ன வயசில இருந்து. இன்சுலின் போடுறவ. கூடிப்போச்சு."

"தெரியும் ரீச்சர்" என்றாள். "நீங்க போய்ப் பிள்ளையைத் தூக்குங்க."

அவள் உள்ளே ஓடியது தெரிந்தது. நான் மகளைத் தோளில் சாய்த்து வாசலுக்குக் கொண்டு வந்தபோது, அவளுடைய கணவர் ஒரு போத்தல் பெட்ரோலை ஆட்டோவின் டாங்கியில் ஊற்றிக்கொண்டிருந்தார். படகு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடினாலும், கிளப்புவதற்குக் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். அதற்காக அவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசிப் போத்தல் அது. அதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது பார்த்தது, அவர் போத்தலைக் கவிழ்த்து, கடைசித் துளியும் விழும்வரை தட்டியதை மட்டும்தான்.

ஆஸ்பத்திரி எட்டு மைல். அவளுடைய தம்பிதான் ஓட்டினார். நடுவில் மகளை இருத்திப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் நாங்கள் இருவரும். அவள் மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். "கண்ணைத் திற பிள்ள. இஞ்ச பார். இந்தா வந்திட்டம்." நான் ஓதத் தொடங்குவேன், பாதியில் சொற்கள் மறந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். பள்ளிவாசலைக் கடந்தபோது தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பலர் எங்களைப் பார்த்தார்கள். முகத்தை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். இளம் டொக்டர், சிங்களவர். வேகமாகக் கேள்வி கேட்டார். என் சிங்களம் கடைக்குப் போய்வரத்தான் போதும். எதிர் வீட்டுப் பெண் சிலாபத்தில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு மொழியும் அவளுக்கு ஒன்றுதான். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஊசி தவறாமப் போட்டதா எண்டு கேக்கிறார்."

"ஓம். ஒரு நேரமும் தவறல்ல."

"அப்ப சீனி இவ்வளவுக்குக் கூட ஏலாதாம். மருந்தை எங்க வச்சிருந்தனீங்க எண்டு கேக்கிறார்."

"ப்ரிட்ஜில" என்றேன்.

அவள் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "ரீச்சர், கரண்ட் இல்லயே" என்றாள் மெதுவாக.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லித்தான் டொக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஐஸ் தொழிற்சாலையில் சொன்ன பொய், உப்பு, கல்லாய் நின்ற குப்பி, மிதந்த துகள், பிள்ளை கேட்டதும் நான் சொன்னதும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்துபோனது. அவள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் டொக்டருக்குச் சொன்னாள். அவர் என்னைத் திட்டவில்லை. "மருந்து உறைஞ்சிட்டுது அம்மா, அது இனி வேலை செய்யாது" என்று சொல்லச் சொன்னார். இனி செய்ய வேண்டியது தனக்கு விளங்கிவிட்டது என்றும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் புத்தளத்துக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வந்தது. "நான் வாறன்" என்று எதிர் வீட்டுப் பெண் ஏறிக்கொண்டாள். போட்டிருந்த வீட்டுச் சட்டையோடு, காலில் செருப்பில்லாமல்.

புத்தளத்தில் மகளை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். வெளியே வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நான் எழும்புவேன். யாரோ ஒரு தாதி மிஸ்ஸி ட்ரேயோடு போவார், திரும்ப இருப்பேன். ஒரு முறை உள்ளே ஆட்கள் வேகமாக நடக்கும் சத்தம் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒருநாள் நாய் உங்கட குப்பைப் பையை இழுத்துக் கிழிச்சுப் போட்டுது. ஒழுங்கை முழுக்க ஊசி. பிள்ளையள் வெறுங்காலோட ஓடுற இடம். பொறுக்கி எடுத்துப் புதைச்சன். அதுக்குப் பிறகு குப்பை வைக்கிற அண்டைக்கு வெள்ளனவே எழும்பிப் பார்ப்பன். ஏதும் கிடந்தா எடுத்துப்போடுவன்."

"எவ்வளவு காலமா?"

"ஆறு வருசம் இருக்கும்."

"ஒருத்தருக்கும் சொல்லல்லயா?"

"நீங்க மறைச்சு வச்சிருக்கிறதை நான் ஏன் ரீச்சர் சொல்ல?"

ஆறு வருடமாக நான் காப்பாற்றியதாக நினைத்த இரகசியத்தை உண்மையில் காப்பாற்றியவள் இவள்தான். நான் ஜன்னலுக்குத் துணி போட்டது இவளுக்கு எதிராக. என்னால் அழ முடியவில்லை. வெட்கம்தான் வந்தது. அவள் எழும்பிப்போய் எங்கிருந்தோ இரண்டு பிளேன்டீயும் ஒரு பணிஸும் வாங்கி வந்தாள். பணிஸைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

மாலை மங்கும் நேரம் மிஸ்ஸி என்னை உள்ளே கூப்பிட்டார். மகளின் மூச்சு இறங்கியிருந்தது. உதடு வெடித்து, இரண்டு கையிலும் குழாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இந்த முறை என்னைத் தெரிந்துகொண்டாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், குனிந்தேன்.

"உம்மா, நான் பள்ளிக்கூடத்தில ஒண்டும் திங்கல்ல."

அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. இரண்டு நாளாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். "தெரியும் மகள்" என்றேன். "பிழை என்ட. மருந்தைப் பழுதாக்கினது நான்." ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுடைய கால் பக்கத்தில் இருந்து அவள் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியால் தர முடிந்தது ஒரு குப்பி. வயதான மிஸ்ஸி ஒருவர் என்னை இருத்தி வைத்து, ஒரு பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, அதில் மருந்தை வைக்கும் முறையைத் தெரிந்த தமிழில் காட்டித் தந்தார். "நிழல்ல வைங்க. மணல் காய விட வேணாம். ஐஸ் வேணவே வேணாம்." பிறகு, "தெரியல்ல எண்டா கேக்கணும் ரீச்சர்" என்றார். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான்.

ஒரு குப்பி ஆறு நாளைக்கு வரும். அதற்குப் பிறகு? கணவர் வரிசையை விட்டுவிட்டு லொறியை வழியில் நிறுத்தி வந்திருந்தார். "பள்ளிவாசல்ல சொல்லச் சொல்லட்டா? ஊரில வேற ஆரும் வச்சிருப்பாங்க" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள்தான் சொன்னாள்.

"சொல்லுங்க உம்மா. வருத்தம் எனக்குத்தானே. எனக்கு வெக்கமில்ல."

ஒரு தாளை எடுத்து எழுதினேன். "நமது ஊரைச் சேர்ந்த ஒரு நோயாளிக்கு அவசரமாக இன்சுலின் தேவைப்படுகிறது." மகள் அதை வாங்கி வாசித்தாள். பேனையை எடுத்து "ஒரு நோயாளிக்கு" என்பதை வெட்டி, "தமிழ் ரீச்சரின் மகளுக்கு" என்று எழுதிக் கொடுத்தாள்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்பட்டது. வீட்டு வாசலில் மூவரும் இருந்தோம். அரை மணித்தியாலம் போனது. ஒருவரும் வரவில்லை. ஒழுங்கையால் போன இரண்டு பெண்கள் எங்கள் வீட்டைப் பார்த்து எதையோ கதைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே போய்விடலாம் என்று எழும்பினேன். "இருங்க உம்மா" என்றாள் மகள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குச் சற்று முன்பு ஒரு வயதான மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்திருந்தது. அவருடைய சாரத்து மடிப்பில் ஈரத்துணி சுற்றிய இரண்டு குப்பிகள். "அவட. எறியவும் மனமில்ல, வச்சிருந்தன். திகதி இன்னும் கிடக்கு, பாருங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பிறகு அடுத்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி வந்தாள். தனக்கும் இந்த வருத்தம்தான், மாமியாருக்குத் தெரியாது என்று காதுக்குள் சொல்லி ஒரு குப்பி தந்தாள். இரண்டு நாள் கழித்து எதிர் வீட்டுப் பெண்ணின் சொந்தக்காரர் வழியாக, இந்துக்கள் வாழும் உடப்பிலிருந்து இன்னும் மூன்று வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். "கோயிலில சொன்னாங்களாம், ஆரோ குடுத்தாங்களாம்" என்றார்கள். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

கணவரின் சகோதரியும் வந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை. கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கேட்டார். "ஏழு வருசம். எனக்கும் ஒளிச்சிட்டாய் என்ன? என்ட மகனுக்குத் தலையில கட்டிட்டுச் சொல்லலாம் எண்டா இருந்தாய்?"

"பிழைதான் மதினி" என்றேன். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கலியாணப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வருடம் அவருடைய மகனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள், நாங்களும் போனோம். மகள் சாப்பாட்டுக்கு முன்னால் பையைத் திறந்து எல்லாருக்கும் முன்னாலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு பிரியாணித் தட்டை இழுத்தாள். நாலைந்து பேர் பார்த்தார்கள். பிறகு தங்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

எதிர் வீட்டாருக்கு நான் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம் மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் படகும் கடலுக்குப் போனபோது இவர்களுடைய இயந்திரத்தைக் கிளப்பப் பெட்ரோல் இல்லை. இரண்டு நாள் கரையிலேயே இருந்திருக்கிறார்கள். அது என் காதுக்கு வேறு ஆள் மூலம்தான் வந்தது. ஒரு தட்டு நிறையச் சாப்பாடு செய்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெட்ரோல் கதையைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"அதை ஆர் உங்களுக்குச் சொன்னது? கடல் அங்கதானே கிடக்கு, பிறகு போனம்."

"நான் உங்களுக்கு ஒண்டுமே செய்ததில்லயே அக்கா."

"பதினொரு வருசமா நீங்க எங்கட வாசலுக்கு வரேல்ல ரீச்சர். பெரிய இடம், எங்களோட கதைக்க விருப்பமில்ல எண்டு நினைச்சிருந்தன். அண்டைக்கு நீங்க அக்கா எண்டு கத்தினதே எனக்குப் போதும்." பிறகு தட்டைத் திறந்து பார்த்து, "இது ஆட்டிறைச்சியோ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கொடுக்கிற கை என் கையாக இருக்கும்வரை நான் நல்லவள் என்றே நினைத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தெரியாமல்தான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறேன். ஒருவர் செய்த உதவியை உடனே திருப்பிக் கொடுத்து விடுபட்டுவிட வேண்டும் என்ற அவசரம்கூட ஒரு வகையில் பெருமைதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வயதானவருக்கும், உடப்பில் நான் காணாத அந்த மனிதருக்கும் என்னால் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களை நினைக்கிறேன். ஐஸ் தொழிற்சாலைக்காரரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் கேட்காமலே, இனி மருந்துக்கென்று யார் வந்தாலும் விசாரித்துத்தான் கொடுப்பேன் என்றார்.

கிளினிக்கில் மருந்து பிறகு ஒழுங்காக வரத் தொடங்கியது. மகள் பரீட்சையில் தேறி இப்போது தூரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதிக்குப் போன முதல் நாளே அறையில் இருக்கும் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு, தனக்கு என்ன வருத்தம், மயங்கினால் என்ன செய்ய வேண்டும், மருந்து எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். போனில் அதைச் சொன்னபோது, ஏன் மகள் எல்லாருக்கும் சொன்னாய் என்று கேட்க வாய் வந்தது. பழைய பயம் முழுதாகப் போகவில்லை, போகும் என்றும் நினைக்கவில்லை.

"நல்லது மகள்" என்றேன். "அந்தப் பிள்ளைகளுக்கு நான் சலாம் சொன்னதாகச் சொல்லுங்க."